முசே அருள்நாதனின் முதல் கியர்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சின்ன சிறப்பு மலர் போடுகிறார்கள். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டின் மேலேயே இருக்கிற ஒர்க்‌ஷாப். அங்கே முப்பத்தெட்டு வருஷம் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் வேலையை விட்டேன். என் பெயர் ஏழுமலை. இப்போது மூலக்குளத்தில் வீட்டோடு இருக்கிறேன். முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதுதான் தற்போதைய உத்தியோகம்.

மலருக்கு எழுதச் சொல்லி முதலாளி கலைவாணியே வீடு தேடி வந்தார். அவருடைய அப்பாவிடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா காலமான பிறகு மகள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட பிள்ளை. பேச்சில் வாம்மா போம்மா என்பேன். எழுத்தில் முதலாளிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன்.

"மாமா, எல்லாரும் இன்னா இன்னா சாதிச்சோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. படிச்சா எனக்கே நம்ப முடியல. நீங்களாச்சும் ஒரு தப்ப எழுதுங்க" என்றார்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

அவர் காபியை ஆற்றிக் குடித்தார். "நம்ம பசங்க இப்ப ஆட்டோமேட்டிக் வண்டியாத்தான் பாக்குறாங்க. அந்தப் பச்ச வண்டிய எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கலைவாணி யாரையும் திட்ட மாட்டார். எங்கே வலிக்குமோ அங்கே ஒரு விரலை வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார்.

ஆட்டோமேட்டிக் வண்டி வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முட்டி போனவன் நான். கியர் பாக்ஸை மார்பில் சுமந்து இறக்கிய நாட்களை நினைத்து ஏங்க எனக்கென்ன பைத்தியமா?

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. என் அப்பா மில் தொழிலாளி. மில் அடிக்கடி கதவை அடைத்தது. பத்தாவது முடித்ததும், "மில்லப் பத்தி நெனைக்காத, வண்டி வேல கத்துக்கோ" என்று கொண்டுவந்து விட்டுவிட்டார். முதல் நாலு வருஷம் ஸ்பேனர் துடைத்தேன், டயர் கழற்றினேன், திட்டு வாங்கினேன். எல்லா மெக்கானிக்கும் வாங்குகிற அதே திட்டுதான், அதை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

ஆனால் ஒரு ஜீப்பைச் சொல்லியாக வேண்டும். கியர் விழ மறுக்கிறது, நெறநெறவென்று கத்துகிறது என்று கொண்டுவந்தார்கள். அப்போது நான் மீசை முளைத்த மிதப்பில் இருந்தேன். யாரையும் கேட்காமல் கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, ஒவ்வொரு பல்லையும் மண்ணெண்ணெயில் கழுவி அடுக்கினேன். இரண்டு நாள் ஆனது. கலைவாணியின் அப்பா, பெரிய முதலாளி, வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை ஒருமுறை மிதித்தார். குனிந்து, பெடலுக்கு அடியில் மடிந்து கிடந்த தரை விரிப்பை உருவி என் தோளில் துண்டு மாதிரி போட்டார். "வச்சிக்கோ, முகத்தத் தொடச்சிக்கோ" என்றார். விரிப்பு மடிந்து கிடந்ததால் கிளட்ச் முழுக்க இறங்கவில்லை, அவ்வளவுதான் நோய். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. பிரிப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்து பார் என்பது பெரிய முதலாளியின் பாடம்.

மகள் அதற்கு மேலே ஒரு படி போனார். அவர் வந்ததும் வேலைச் சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், வண்டிக்காரர் என்ன சொன்னாரோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். வலது பக்கம் நாங்கள் பார்த்து என்ன கண்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் வண்டிக்காரருக்கு. "வண்டிக்காரர் சொல்றத எல்லாம் எழுதினா நோட்டு பத்தாது" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு சீட்டை எடுத்து என் முன்னால் வைப்பார்.

கியர் குறை என்று வரும் வண்டிக்கு அவர் தனியாக ஒரு விதி வைத்திருந்தார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரவர் கை அவரவர் பழக்கம், நாம் ஓட்டினால் நம் கைதான் தெரியும் என்பது அவர் கணக்கு.

இனிப் பச்சை வண்டி. நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

முசே அருள்நாதன் குருசுக்குப்பத்துக்காரர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களைச் சொல்தா என்போம், கூப்பிடும்போது முசே. அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. மனைவி இறந்து ரொம்ப நாள். மகள் ஆக்னெஸ் பேங்கில் வேலை, அப்பாவோடு இருந்தது. முசே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது அங்கே ஓட்டிக்கொண்டிருந்த காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கரும்பச்சை நிறம், இரண்டே சீட்டு, தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு. பந்தய வண்டிக்குத் தம்பி முறை. அந்த ஊர் வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். நம்மூர் வண்டியில் இடது கையால் கியர் போடுவோம். அதில் வலது கையால் போட வேண்டும்.

ஞாயிறு தவறாமல் அந்த வண்டியில் அரியாங்குப்பம் போவார். அங்கே பழைய சொல்தாக்கள் நாலைந்து பேர் பெத்தாங் ஆடுவார்கள். இரும்புக் குண்டை உருட்டி, சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஆட்டம். வாரத்தில் மிச்ச ஆறு நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆக்னெஸ் சொல்லும்.

அவர் முதலில் வந்தபோது சொன்ன குறை சரியான குறை. "லீவரு ஆடுதுபா ஏழுமல. கஞ்சிப் பானைல அகப்பய வுட்டாப்புல இருக்கு. எந்த வித்தேஸ்ல இருக்குதுன்னே தெர்ல" என்றார். கியருக்கு அவர் வித்தேஸ் என்றுதான் சொல்வார். பிரெஞ்சு வார்த்தை. சொன்னதைச் சொன்னபடியே சீட்டில் எழுதினேன், அகப்பையையும் சேர்த்து.

லீவர் ஆடுகிறது என்றால் அவசரப்பட்டு கியர் பாக்ஸில் கை வைக்கக் கூடாது. பத்துக்கு எட்டு வண்டியில் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். நம் கையில் இருக்கிற லீவருக்கும் முன்னால் இருக்கிற பெட்டிக்கும் நடுவில் ஒரு ராடு போகிறது. அந்த ராடு மாட்டியிருக்கிற மூட்டுகளில் புஷ் என்கிற சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும். வெயிலும் எண்ணெயும் பட்டு அவை பொரிந்து உதிர்ந்துவிடும். மூட்டு தேய்ந்தவன் நடை எப்படி இருக்கும்? என் முட்டியைக் கேளுங்கள்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஓடாதபோதும் ஆட்டம் அப்படியே இருந்தது, அப்படியானால் குறை லீவர் பக்கம்தான். பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி, விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரும்புத் துகள் மின்னவில்லை. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்களைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன், அவை இறுக்கமாக இருந்தன. கூட வேலை பார்த்த பாஸ்கர் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்தான். நான் மேலே லீவரை அசைத்தேன். "அண்ணே, நீங்க நாலு வெரக்கட அசைச்சா இங்க ஒரு வெரக்கடதான் வருது. மூணு புஷ்ஷும் செத்துப் போச்சி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அந்த வண்டிக்கு இங்கே உதிரி பாகம் கிடைக்காது. செத்த புஷ்ஷில் முழுசாக இருந்த ஒரு துண்டை அளவெடுத்து, தட்டாஞ்சாவடியில் தெரிந்த லேத்தில் நைலானில் கடைந்து வாங்கினோம். கிரீஸ் தடவிப் பொருத்தினோம். கடைசி வேலை கிளாம்ப். ராடை லீவரோடு பூட்டுகிற பட்டை அது. எந்தப் புது புஷ்ஷிலும் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத்தான் பட்டையை முறுக்க வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு பழக்கம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, லீவரை எங்கள் உடம்பு பக்கம் இழுத்துப் பிடிப்போம். கீழே இருப்பவர் முறுக்குவார். பெரிய முதலாளி அப்படிச் செய்தார், நான் செய்தேன், ஆயிரம் வண்டிக்குச் செய்திருப்பேன். அன்றைக்கும் உட்கார்ந்தேன், இழுத்துப் பிடித்தேன், பாஸ்கர் முறுக்கினான். ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கியரும் டக் டக்கென்று விழுந்தது. முசே என் கையைப் பிடித்து மெர்சி என்று நன்றி சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கூட ஆக்னெஸ். இரண்டு பேர் முகமும் சரியில்லை.

"ஒன்னு போட்டா மூணு வுழுதுபா. மரப்பாலம் சிக்னல்ல மூணு தடவ நின்னுபோச்சி. பின்னால இருக்கறவன்லாம் ஆரன் அடிச்சி, வாய்க்கு வந்தபடி ஏசறான். நீ கை வச்சதுக்கு அப்புறந்தான் இப்படி" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் கை வைத்ததால் கெட்டதா? மதிய வெயில், பசி வேறு. சாவியை வாங்கிக்கொண்டு நானே மூலக்குளம் வரை போய்த் திரும்பினேன். ஒரு கியர் தவறவில்லை. முதல் கியரை நாலு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் போட்டேன், நாலு முறையும் விழுந்தது.

கலைவாணி வேலைச் சீட்டோடு வந்து நின்றார். "முசே ஓட்டி, நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தீங்களா மாமா?"

"பாத்தாச்சி" என்றேன்.

பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில் வேலை பார்த்தவன், ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு சுருக்கென்ற கோபத்துக்கும் ஒரு பொய்யைச் சொன்னேன். சீட்டின் வலது பக்கத்தில் எழுதினேன்: கியர் எல்லாம் சரியாக விழுகிறது. வண்டியில் குறை இல்லை. ஓட்டுபவர் கை தடுமாறுகிறது. கீழே கையெழுத்து.

நகலை ஆக்னெஸ் வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டது. "அண்ணே, நெசமாவா? பப்பாவ நான் தெனம் பாக்குறேன், எனக்கு ஒன்னும் தெரியல. நீங்க தொழில் தெரிஞ்சவரு. நீங்க சொன்னா நான் கேட்டுக்குவேன்."

"வயசுன்னு ஒன்னு இருக்குல்லம்மா" என்றேன்.

முசே காதில் அது விழுந்தது. அவர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வலது உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். திரும்பிப் போகும்போது ஆக்னெஸ் டாக்சி பிடித்தது. பச்சை வண்டியைப் பாஸ்கர்தான் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் விட்டான். வழியில் இரண்டு இடத்தில் வண்டி நின்றது என்று வந்து சொன்னான். "ஒனக்கு அந்தப் பக்கத்து ஸ்டீயரிங் பழக்கமில்ல" என்று அவன் வாயையும் அடைத்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

வந்தது ஆறு வாரம் கழித்து. ஒரு நம்மூர் வண்டிக்கு அதே புஷ் வேலை. அதில் டிரைவர் சீட்டைத் தைப்பதற்காகக் கழற்றி அனுப்பியிருந்தோம். உட்கார இடமில்லை. நான் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல லீவரை என் உடம்பு பக்கம் இழுத்துப் பிடித்தேன். பாஸ்கர் முறுக்கினான். தைத்த டிரைவர் சீட் வந்ததும் மாட்டி, பாஸ்கர் வண்டியை வெளியே எடுத்தான். வாசல் தாண்டியதும் குலுங்கி நின்றது. மறுபடி எடுத்தான், மறுபடி நின்றது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, ஒன்னு போட்டா மூணு வுழுது" என்றான்.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். முதல் கியர் லீவர் போகும் பாதையின் இடது ஓரத்தில் இருக்கிறது. மூன்றாவது நடுவில். நம்மூர் வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார், தன் பக்கம் இழுத்தால் லீவர் வலது பக்கம் சாயும். அப்படிப் பூட்டினால் இடது பக்கம் போக லீவருக்குத் தாராளமாக இடம் இருக்கும், முதல் கியர் சுகமாக விழும். ஆனால் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து இழுத்தால் லீவர் இடது பக்கம் சாய்ந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். புஷ்ஷில் மயிரிழைதான், ஆனால் லீவர் நுனியில் இடது பக்கம் போக ஒரு விரல் அகலம் குறைந்துவிடும். ஒன்று போடுகிறோம் என்று முன்னால் தள்ளினால் மூன்றில் போய் விழும். மூன்றில் வண்டி கிளம்புமா? குலுங்கி நின்றுவிடும். பச்சை வண்டியில் டிரைவர் சீட்டே இடது பக்கம்தான். ஆயிரம் வண்டிக்குச் சரியாக இருந்த என் கைப்பழக்கம் அந்த ஒரு வண்டிக்குத் தலைகீழ். என் உடம்பு அதை யோசிக்கவே இல்லை.

அப்படியானால் நான் ஓட்டியபோது எப்படி விழுந்தது? எனக்கு வலது கையால் கியர் போட்டுப் பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் லீவரை ஓரம்வரை அழுத்தி இழுத்து, பலவந்தமாகப் போட்டிருக்கிறேன். முசேவின் கை முப்பது வருஷமாக அந்த லீவரை அறிந்த கை. உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளும், கியர் இருக்கிற இடம் அதற்குத் தெரியும். நான்தான் அந்த இடத்தை நகர்த்திவிட்டேன். தடுமாறாத கையைத் தடுமாறுகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கலைவாணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னதையும் சொன்னேன். அவர் பழைய வேலைச் சீட்டுகளிலிருந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்து, மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"யாரு போயி சொல்றது?" என்றார்.

"நான்தாம்மா."

"நானும் வரேன். ஆனா நான் பேச மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று பத்து மணிக்குப் போனோம். வாசலில் பச்சை வண்டி உறை மூடிக் கிடந்தது. ஆக்னெஸ்தான் கதவைத் திறந்தது. முசே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரத்தில் ஆள் சுருங்கியிருந்தார். முன்பெல்லாம் தினமும் வழவழவென்று சவரம் செய்த முகம். இப்போது வெள்ளைத் தாடி. ஆக்னெஸ் காபி கொண்டுவந்தது, எங்களுக்குக் கோப்பையில், அவருக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் குவளையில்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "முசே, கொற உங்க கையில இல்ல. நான் தப்பாப் பூட்டிட்டேன். ஒன்னு போட்டா மூணு வுழுதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அது நெசம். நான் சரியாப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

ஆக்னெஸ்தான் பேசியது. அந்தப் பெண் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததப் பாத்துதான அண்ணே நான் சாவிய எடுத்து வச்சேன்? தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். ஒன்னுமில்லன்னாங்க, வயசுதான்னாங்க. நீங்க சொன்னதையேதான் அவங்களும் சொன்னாங்க. அன்னிலேர்ந்து பப்பா பிளேட எடுக்கறதில்ல, கை தடுமாறும்னு. காபி டம்ளர எடுக்கறதில்ல. பேங்க்ல கையெழுத்துப் போடக் கூட என்னைப் பிடிச்சிக்கச் சொல்றாரு. குண்டெல்லாம் அரியாங்குப்பத்துல அவரு கூட்டாளிகிட்ட குடுத்தனுப்பிட்டாரு, இனிமே எனக்கு எதுக்குன்னு. இத எந்தச் சீட்டுல அண்ணே எழுதுவீங்க?"

மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. வேலையில் தப்பு நடக்கும், போல்ட் உடையும், எண்ணெய் ஒழுகும், அதற்கெல்லாம் அவமானப்பட்டதில்லை. ஒரு மனிதரை அவர் கையையே நம்பாமல் செய்துவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை. கலைவாணி சொன்னபடியே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆக்னெஸ் உள்ளே போய் அலமாரியைத் திறந்து சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. முசே அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்றார்.

மறுநாள் காலை பாஸ்கரோடு போய் அவர்கள் வாசலிலேயே வேலையைச் செய்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, கிளாம்பைத் தளர்த்தினோம். இந்த முறை லீவரை என் உடம்பைவிட்டுத் தள்ளி, எதிர்ப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகத் தன் பக்கம் வரப் பார்த்தது. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? பாஸ்கர் முறுக்கினான். அரை மணி நேர வேலைதான்.

முசே படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டிப் பாத்துடு" என்றார்.

"நான் ஓட்டினா ஒன்னும் தெரியாது முசே. அன்னிக்கும் நான்தான் ஓட்டினேன். நீங்க வாங்க."

அவர் அசையவில்லை. ஆக்னெஸ் பேங்குக்கு லீவு போட்டிருந்தது. அது அப்பாவைப் பார்த்தது, பிறகு உள்ளே போய்விட்டது. அப்படிப் போனதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து முசே வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது சாவி கையில் இருந்தது. முகத்தில் தாடி இல்லை. தாடையில் ஒரு இடத்தில் சின்னதாக வெட்டுப்பட்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். கார் தரை அவ்வளவு சுத்தம், என் செருப்பில் கிரீஸ். கழற்றிக் கால் பக்கம் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அவர் இன்ஜினைப் போட்டார். வலது கை லீவர் மேல் போனது, நின்றது. இடது கையையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போடுங்க முசே என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், நான் பேசியது போதும் என்று.

இடது கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. வலது உள்ளங்கை லேசாகத் தள்ளியது. வண்டி குலுங்காமல் கிளம்பியது.

ஊருக்குள் இரண்டாவதிலேயே போனார். பீச் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் தெற்கே திருப்பி, முதலியார்பேட்டை வழியாக நேரே மரப்பாலம் சிக்னலில் கொண்டுபோய் நிறுத்தினார். சிவப்பு விழுந்திருந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் பத்து இருபது டூ வீலர். வண்டியின் அழகைப் பார்த்து ஒருத்தர் செல்போனில் படம் எடுத்தார். முசேவின் நெற்றியில் வேர்வை. நான் அவர் கையைப் பார்க்கக் கூடாது என்று வலது பக்கம் திரும்பி, ஒரு லாரி சக்கரத்தின் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. பஸ்காரர் பொறுமையில்லாமல் ஆரனை அழுத்தினார். முதல் கியர் விழுந்த சத்தம் பாதத்தின் கீழே கேட்டது. போய்விட்டோம்.

அரியாங்குப்பம் பாலத்தின் முனையில் வண்டியை ஓரம் கட்டினார்.

"எறங்குபா" என்றார்.

"இன்னா முசே, இங்கயா?"

"என் குண்டு அங்க கூட்டாளிகிட்ட இருக்கு. போயி வாங்கணும்."

"வரேன் முசே, நானும் கூட..."

"வாணாம். ஒன்ன ஏத்திக்கினு போனா நான் ஓட்டுனதா ஆவாது. எறங்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ராணுவத்தில் இருந்தவர் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். அந்த வண்டியில் பக்கத்து சீட்டுக்காரன் இறங்குவது நடு ரோட்டில். ஒரு ஆட்டோவுக்கும் இரண்டு பைக்குக்கும் தப்பித்து, கடலூர் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய் நின்ற பிறகுதான் கவனித்தேன், செருப்பு காரிலேயே இருக்கிறது. பதினொரு மணி வெயில். தார் ரோடு பாதத்தைப் பொசுக்கியது. இரண்டு அடி தள்ளி ஒரு புங்க மரமும் அதன் நிழலும் இருந்தன.

பச்சை வண்டி இன்னும் அசையாமல் நின்றது. பிறகு கிளம்பியது. பாலத்தின் மேல் ஏறும்போது இரண்டாவது விழுந்தது. பாலத்தின் நடுவில் லாரிகளுக்கு இடையில் அது கண்ணுக்கு மறைந்துவிட்டது, காதால்தான் தேட வேண்டியிருந்தது. இன்ஜின் இழுத்து இழுத்துக் கத்தியது, என்ன யோசிக்கிறார், கையை மறுபடி நிறுத்திவிட்டாரா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் காலை எடுத்து நிழலில் வைத்தேன்.